தாள் ஒட்டிய இசைத்தட்டு

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் ரயிலில் பெங்களூருக்குச் சென்று, இரவு அதே வழியில் வீடு திரும்பும் தங்கவயல்காரர்களுள் நானும் ஒருவன். மைய அரசு அலுவலகம் ஒன்றில் மேல்நிலை எழுத்தர் வேலை. கோப்பில் ஒரு குறிப்பு எழுதுவதென்றால், அதற்கு முன்னோடியான கடிதம் எது, அது எத்தனையாம் பக்கத்தில் உள்ளது என்று ஓரத்தில் காட்டாமல் எழுதலாகாது என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதையே செய்து பழகியதால், வீட்டில் உப்புத் தீர்ந்துவிட்டது என்று மனைவி சொன்னாலும், ‘முன்பு வாங்கியது எந்தத் தேதியில்?’ என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டேன். அப்படிப்பட்ட நான், சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தமக்கை மகன் ஓர் இசைத்துணுக்கின் மூலத்தைக் கேட்டபோது, தெரிந்திருந்தும் தெரியாது என்று சொன்னேன். சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அன்பர்கள் கேட்டவுடன், அந்தப் பொய்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

என்னிடம் அறுநூற்றுச் சொச்சம் இசைத்தட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலும் தமிழ்த் திரைப்படத் தட்டுகள், சில இந்தி, சில திருவிழாக்களில் ஓய்ந்த நேரத்தில் ஒலித்த கதைவசனத் தட்டுகள். இவற்றுக்காக நான் செலவிட்ட பணத்தைக் கணக்கிட்டால் என் மனைவி என்னுடன் பேசமாட்டாள், ஆகையால் கணக்கிட்டதில்லை.

மருமகன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் இரவு வேலை பார்க்கிறான். மற்ற நேரங்களில் ராப் பாட்டுக் கட்டுகிறான். அவன் அன்று தன் பேசியை என் காதருகே நீட்டினான். அதில் ஒலித்தது 1994ஆம் ஆண்டு நடந்த அவனுடைய பெற்றோர் திருமணத்தின் வீடியோ. மாப்பிள்ளை ஊர்வலம் தெருமுனையில் திரும்புகிறது. பெண்களின் பேச்சு, பட்டாசு, யாரோ ஒருவர் தண்ணீர் கேட்கும் குரல். இத்தனைக்கும் பின்னால், குழாய் ஒலிபெருக்கியிலிருந்து, இரண்டு நொடி நேரம் டிரம்ஸ் சத்தம்.

“மாமா, இந்த அடி எந்த ரெக்கார்டுல வருது? போன்ல போட்டுத் தேடினா எதுவுமே காட்டல. கூட்டச் சத்தம் இல்லாம சுத்தமா கிடைச்சா, இத வெச்சே ஒரு பாட்டுக் கட்டிடுவேன்.”

“தெரியாதுப்பா. அந்தக் காலத்துல எத்தனையோ போடுவாங்க” என்றேன்.

அந்தத் தட்டு, நாங்கள் அமர்ந்திருந்த இடத்திலிருந்து ஆறடி தொலைவில், என் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது.

பழைய இசைத்தட்டிலிருந்து ஓரிரு நொடித் துணுக்கை வெட்டியெடுத்து, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் புதிய பாட்டை எழுப்புவதை இளைஞர்கள் ‘சாம்பிள்’ எடுப்பது என்கிறார்கள். ஹிப் ஹாப் இசைக்கு அதுதான் அடித்தளம். அத்துணுக்கு எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று தேடிப்பிடிப்பதும், பிறர் தொடாத துணுக்கைத் தேடி எடுப்பதும் ஒரு வேட்டை. அந்த வேட்டைக்காரர்களைப் பற்றி இசைத்தட்டுச் சேகரிப்போர் நடுவே நல்லெண்ணம் மிகுதி என்று சொல்வதற்கில்லை. என் கதையைச் சொல்வதற்கு முன், ஆண்டர்சன்பேட்டையில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவரை நான் பெரியப்பா என்று அழைப்பேன். உறவினர் அல்லர், என் தந்தையாரோடு சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் இறங்கியவர். கால் அடிபட்டு மேலே வந்தபிறகு, இரண்டு ஆம்பிளிஃபையர், நான்கு குழாய், ஒரு பெட்டி நிறைய ரெக்கார்டு என்று தொழில் தொடங்கினார். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் திருவிழா, மே தினம், அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள், கிறிஸ்துமஸ், மஞ்சள் நீராட்டு, எதுவானாலும் லைன் வீடுகளுக்கு மேலே அவருடைய குழாய்தான் பாடும். சுரங்கச் சங்கு ஊதும்போது மட்டும் ஊசியைத் தூக்கிவிடுவார். அந்த மரியாதைக்குக் காரணம் கேட்டால், கீழே இறங்கியவனுக்குத்தான் தெரியும் என்பார்.

அக்காலத்தில் எங்களூரில் ஆணழகன் போட்டிகள் பெயர்பெற்றவை. உடலில் எண்ணெய் பூசிக்கொண்டு மேடையேறும் இளைஞன் ஒவ்வொரு தசையாகத் திருப்பிக் காட்டுவதற்கு வாய்ப்பாட்டு உதவாது. தாளம் மட்டும் வேண்டும். பெரியப்பா ஒரு தட்டை எடுத்து, பாட்டின் நடுவிலே வரும் டிரம்ஸ் இடத்தில் துல்லியமாக ஊசியை வைப்பார். அது முடிந்ததும் ஊசியைத் தூக்கி மறுபடியும் அதே இடத்தில் வைப்பார். தட்டின்மேல் வெள்ளைப் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டிருப்பார், அதுதான் அடையாளம். கூட்டம் ஆர்ப்பரிக்கும். மறுநாளே ராபர்ட்சன்பேட்டையிலிருந்து இன்னொரு சவுண்டு சர்வீஸ்காரரின் ஆள் வந்து, பேச்சுக் கொடுத்தபடியே தட்டுப் பெட்டியை எட்டிப் பார்ப்பான். எட்டிப் பார்த்துப் பயன் இல்லை. பெரியப்பா தம் முக்கியமான தட்டுகளின் நடுவிலிருந்த லேபிள்மேல் சினிமாச் சுவரொட்டி ஒட்டும் மைதாப் பசையைத் தடவி, வட்டமாக வெட்டிய வெள்ளைத் தாளை ஒட்டி, அதன்மேல் ஓர் எண்ணை மட்டும் எழுதியிருப்பார். எந்த எண் எந்தப் படம் என்பது ஒரு நாற்பது பக்க நோட்டில் இருந்தது. அந்த நோட்டு அவருடைய மடியில் இருந்தது.

இதை ஒரு சிற்றூர்க்காரரின் சின்னப் புத்தி என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். பிற்பாடு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வரலாற்றைப் படித்தபோது திகைத்துப்போனேன். ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1950களில், தெருவில் குழாய் கட்டிப் பாட்டுப் போடும் ‘சவுண்டு சிஸ்டம்’ என்னும் தொழில் இருந்தது. பெயரைப் பாருங்கள், நம் சவுண்டு சர்வீஸின் உடன்பிறப்பு! அங்கே காக்ஸன் டாட் என்பவர் அமெரிக்கத் தட்டுகளை வாங்கி லேபிளைச் சுரண்டிவிட்டுத் தாமே வைத்த பெயரால் வழங்கினார். போட்டியாளரான டியூக் ரீட் அவற்றுள் ஒன்றின் மூலத்தைக் கண்டுபிடித்துத் தம் குழாயில் போட்டபோது காக்ஸன் மயங்கி விழாத குறைதானாம். அதே கிங்ஸ்டனிலிருந்து 1967இல் பன்னிரண்டு வயதில் நியூயார்க்கில் குடியேறிய ஒரு சிறுவன்தான் பின்னாளில் டிஜே கூல் ஹெர்க் என்று பெயர் பெற்றவன். 1973 ஆகஸ்டு 11 அன்று பிராங்ஸ் பகுதியில் தன் தங்கை நடத்திய விருந்தில் தட்டுப் போட்டான். அந்த நாளையே ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறார்கள். பாட்டின் நடுவே குரல் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் மக்கள் ஆடுகிறார்கள் என்பதைக் கவனித்து, அந்த இடத்தையே மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தவன் அவன். அவனும் தன் தட்டுகளின் லேபிளை நீரில் ஊறவைத்து உரித்துவிடுவானாம்.

குடிபெயர்ந்து வந்த பிள்ளை. மாற்றார் நாட்டுத் தெரு. தன் கையில் இருப்பது ஒரு பெட்டித் தட்டும் அதன் இரகசியமும் மட்டும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் மூட்டை முடிச்சோடு வந்து தங்கவயலில் தலைமுறை கண்ட நமக்கு இது விளங்காமற் போகாது. பெரியப்பாவை அன்றே நான் மன்னித்துவிட்டேன். மன்னிப்பதற்கு நான் யார் என்பது வேறு.

இந்த இரகசியம் காப்பதே பின்னர் ஓர் ஒழுக்கமாகவும் ஆகிவிட்டது. 1986ஆம் ஆண்டு முதல் ‘அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்’ என்னும் தொகுப்புத் தட்டுகள் வெளிவந்து, டிஜேக்கள் ஒளித்துவைத்த மூலங்களைப் பலரும் வாங்கும் பொருளாக்கின. புதியவர்கள் மகிழ்ந்தார்கள், கடை கடையாய்த் தூசு தின்று தேடியவர்கள் கொதித்தார்கள். தொகுப்பிலிருந்து சாம்பிள் எடுப்பது இழுக்கு, மூலத் தட்டிலிருந்தே எடுக்கவேண்டும், பிறன் எடுத்த மூலத்தைப் பொதுவில் சொல்லலாகாது என்றெல்லாம் எழுதாச் சட்டங்கள் அவர்களிடையே இருப்பதை ஜோசப் ஷ்லாஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 2004இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். நம்மூர் வைத்தியர் மூலிகையின் பெயரைச் சொல்லாமல் பொட்டலம் மட்டும் தருவாரே, அதைப் போன்றதுதான்.

நம் தமிழ்ப் பாட்டுக்கும் இந்த வேட்டைக்கும் என்ன உறவு என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. ரஜினிகாந்தின் நூறாவது படமாக 1985இல் வெளிவந்தது ‘ஸ்ரீ ராகவேந்திரர்’. அதில் இளையராஜா இசையமைத்த ‘உனக்கும் எனக்கும்’ என்னும் பாட்டிலிருந்து துணுக்கெடுத்து, பிளாக் ஐட் பீஸ் என்னும் அமெரிக்கக் குழு 2003இல் ‘எலிஃபங்க் தீம்’ என்ற பாட்டைச் செய்தது. நான்காண்டுகள் கழித்து, இலண்டனில் வாழும் ஈழத்தமிழ்ப் பெண்ணான மாதங்கி, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் வெளியிட்ட ‘காலா’ என்னும் தொகுப்பில், ‘தளபதி’ (1991) படத்துக் ‘காட்டுக்குயிலு’ வந்து கூவிற்று. அதே 2007இல் மேட்லிப் என்னும் அமெரிக்கர், இந்தியத் திரையிசைத் துணுக்குகளைக் கொண்டே ஒரு முழுத் தொகுப்பு செய்தார். மலேசியத் தமிழ் இளைஞர்களான யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006இல் ‘நிழல்கள்’ படத்து ‘மடை திறந்து’ பாட்டைத் தம் வழியில் புதுக்கிப் பாடியது நம் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். அதற்கு மூலம் தேட வேண்டியதில்லை, அது தன் தந்தையின் பெயரைத் தலையிலேயே சூடிக்கொண்டு வந்தது.

முதலில் சொன்ன ‘எலிஃபங்க்’ பாட்டை நான் ரயிலில்தான் கேட்டேன். பங்காருப்பேட்டையில் ஏறும் ஒரு நண்பர், ‘இது உங்கள் ஆள் மாதிரி இருக்கிறதே’ என்று காதுக்கருவியை நீட்டினார். கேட்டதும் எனக்கு உண்டானது பெருமையன்று, கோபம். நாங்கள் முழுதாய்க் கேட்டு வளர்ந்ததை ஒருவன் துண்டாக்கி எடுத்துக்கொண்டான் என்று பட்டது. அன்றிரவு வீட்டுக்குத் திரும்பித் தட்டை எடுத்துப் போட்டேன். எத்தனையோ முறை போட்ட தட்டு. அந்தத் துணுக்கு வரும் இடத்தில் நான் இதுவரை எதையும் கேட்டதேயில்லை என்பது அப்போதுதான் புலப்பட்டது. அடுத்த சரணம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவ்வளவே.

சிக்பேட்டைப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமை நடைபாதைச் சந்தையில் ஒரு காட்சியைப் பார்த்தேன். முடியைப் பின்னிவிட்டிருந்த ஓர் இளைஞன், மடியில் வைத்துக்கொள்ளும் சிறிய தட்டுப் பெட்டியோடு தரையில் அமர்ந்திருந்தான். ஒவ்வொரு தட்டாக வைப்பான், ஊசியைப் பாட்டின் நடுவில் இறக்குவான், மூன்று நொடி கேட்பான், தூக்குவான். பல்லவியைக் கேட்கவில்லை, பாடியவர் யார் என்று பார்க்கவில்லை. என்னருகே நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நாற்பது ஆண்டுச் சேகரிப்பாளர், நெஞ்சு பதறிவிட்டார். “பழத்தை எறிந்துவிட்டுக் கொட்டையைப் பொறுக்குகிறான் பாருங்கள்” என்றார். நானும் ஆமாம் போட்டேன். போட்ட பின்புதான் உறைத்தது. கொட்டையைப் பொறுக்குகிறவன் ஒருவேளை விதைப்பதற்காகப் பொறுக்குகிறானோ என்னவோ. அந்த ஆசிரியர் வீட்டில் நான் பலமுறை தட்டுக் கேட்டிருக்கிறேன். இடையிசை தொடங்கியதும் காப்பி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுப்பார். நாம் பேசிக்கொண்டிருந்த இடத்தைத்தான் அந்தப் பையன் கேட்டுக்கொண்டிருந்தான்.

வேட்டையால் வேறொரு தொல்லை உண்டு, அதை மறைக்கமாட்டேன். மான்செஸ்டர் நகரத்து ‘ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்’ நிறுவனம் இளையராஜாவின் பழைய பாட்டுகளைத் தொகுத்து ‘சொல்லச் சொல்ல’ என்று தட்டு வெளியிட்டபின், அதுவரை தேநீர்க் காசுக்குக் கிடைத்த தட்டுகளுக்கு வெளிநாட்டு விலை பேசத் தொடங்கினார்கள். டிரம்ஸ் பலமாக வரும் படமென்று தெரிந்தால் நடைபாதை வியாபாரி தட்டைத் தலையணைக்கடியில் வைத்துவிடுகிறார். அவர் பிழைக்கட்டும். ஆனால் எழுத்தர் சம்பளத்தில் சேர்ப்பவன் அங்கிருந்து வெறுங்கையோடு திரும்புகிறான் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

இனி, மூலத்தைச் சொல்வதால் யாருக்கு நன்மை என்ற கேள்வி. இதில் என் மனம் இன்றும் ஒரு நிலைப்படவில்லை. 1969இல் வாஷிங்டன் நகரத்து வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட ஒரு தட்டின் மறுபக்கத்தில் ‘ஆமென் பிரதர்’ என்று ஒரு பாட்டு. அதன் நடுவே ஏழு நொடிக்கும் குறைவாக கிரெகரி கோல்மன் என்பவர் தனியே டிரம்ஸ் வாசிக்கிறார். அந்த ஏழு நொடி ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குச் சாம்பிளாயிற்று. மூலம் உலகுக்கே தெரியும். கோல்மன் 2006இல் அட்லாண்டா நகரில் வறுமையில் இறந்தார். அதனால் ஒரு காசும் அவர் கண்டதில்லை. குழுவின் தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சருக்கு, 2015இல் அன்பர்கள் வசூலித்து 24,000 பவுண்டு அளித்தார்கள். அது நன்றிக்கடனேயன்றி உரிமைத்தொகை அன்று.

வழக்குமன்றமும் இதில் தலையிட்டதுண்டு. 1991இல் நியூயார்க்கில் பிஸ் மார்க்கி என்னும் ராப் பாடகர்மேல் வந்த வழக்கில், களவு கூடாதென்னும் விவிலியக் கட்டளையைக் காட்டியே நீதிபதி தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் அனுமதியில்லாமல் துணுக்கெடுப்பது ஆபத்தாகிவிட்டது. மூலத்தை மறைக்க இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது. நம் நாட்டுப் பாட்டும் அங்கே மன்றம் ஏறியது. ‘ஜோதி’ (1981) என்னும் இந்திப் படத்தில் பப்பி லஹிரி இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டை, ட்ரூத் ஹர்ட்ஸ் என்னும் பாடகி 2002இல் வெளியிட்ட பாட்டில் அப்படியே எடுத்தாண்டிருந்தார்கள். லஹிரியின் பெயரைப் போடாமல் அந்தத் தொகுப்பை விற்கக்கூடாதென்று 2003இல் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் தடை விதித்தது. பணத்தைவிடப் பெயரைக் கேட்ட அந்தத் தடை என் எழுத்தர் மனத்துக்கு மிகவும் உகந்தது.

ஆனால் யாருடைய பெயர்? இளையராஜாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் புருஷோத்தமன். கீபோர்டு விஜி மானுவல். பேஸ் கிதார் சசிதரன். சாம்பிள் வேட்டைக்காரன் தேடி வருவது பெரும்பாலும் இவர்கள் கைவண்ணத்தைத்தான். என்னிடமுள்ள தட்டுகளின் உறைகளில் நடிகர் படம் இருக்கிறது, தயாரிப்பாளர் பெயர் இருக்கிறது, சிலவற்றில் அச்சகத்தின் பெயர்கூட இருக்கிறது; இவர்களுடைய பெயர்களை நான் கண்டதில்லை.

என் தந்தையார் முப்பது ஆண்டு தங்கம் தோண்டினார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையின் வெப்பத்தில், கோவணம் ஒட்டும் வேர்வையில். ஷிப்டு முடிந்து மேலேறியவர்களை வாயிலில் சோதனையிட்டு அனுப்புவார்கள். கட்டித் தங்கத்தை அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை. ‘எப்படி இருக்கும்?’ என்று நான் கேட்டபோது, ‘உங்க அம்மா கழுத்துல இருக்குற மாதிரிதான் இருக்கும், அது கொஞ்சம்தானே’ என்று சிரித்தார். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் போயிற்று; அரைத்துக் கொட்டிய சயனைடு மண்மேடுகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. பதின்மூன்று மேடுகள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் மண். அதிலும் இன்னும் தங்கம் இருக்கிறதாம். அதை மறுபடி அரைத்தெடுக்கும் மைய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவு தந்தது. மருமகன் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, “பாத்தீங்களா மாமா, கவர்மென்டே சாம்பிள் எடுக்குது” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. என் தந்தையார் உயிரோடிருந்தால் அவருக்கு வந்திருக்குமா என்று தெரியவில்லை.

சுரங்கம் மூடியபின் சவுண்டு சர்வீஸும் மெல்ல ஓய்ந்தது. கேசட்டு வந்தபோதே தட்டுகள் மூலைக்குப் போயிருந்தன. ஆனாலும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மட்டும் பெரியப்பா அந்த ஒரு தட்டைக் கொண்டுவருவார். தாளின்மேல் 17 என்று எழுதியது. அவர் மறைந்தபின் அவர் மனைவி என்னை அழைத்து, ‘கண்ணு, இத எடைக்குப் போட மனசு வரல’ என்று பெட்டியோடு கொடுத்தார். நாற்பது பக்க நோட்டு அதில் இல்லை. மற்ற தட்டுகளைக் கேட்டதுமே படத்தைச் சொல்லிவிட்டேன். பதினேழை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. பாட்டு எனக்குப் பழக்கமில்லாதது. குரலும் புகழ்பெற்ற குரலன்று.

தாளை உரித்துப் பார்த்திருக்கலாம். உரிக்கவில்லை. அவர் மூடியதை நான் திறக்கக்கூடாது என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். உண்மை வேறு. தட்டின் கடைசி வரிப்பள்ளம் முடிந்து லேபிள் தொடங்குமுன் உள்ள வழுவழுப்பான வளையத்தில், ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண் பொறித்திருப்பார்கள். சேகரிப்பவன் எவனும் முதலில் பார்ப்பது அதைத்தான். தாளை உரிக்காமலே அந்த எண்ணைப் பார்த்து, பழைய விலைப்பட்டியல்களோடு ஒப்பிட்டுப் படத்தைக் கண்டுபிடித்திருக்கலாம். கோப்பு எண்ணைப் பார்க்காமல் ஒரு கோப்பைப் பூட்டிவைத்திருந்த எழுத்தன் நான். பிறருக்கில்லாத ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்ற ஆசை. பெயர் தெரிந்துவிட்டால் அது அறுநூற்றில் ஒன்று.

மருமகனிடம் பொய் சொன்ன அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவன் கேட்டது யாரோ ஒருவருடைய தட்டையன்று. தன் தாயும் தந்தையும் மாலை மாற்றிக்கொள்ளப் போன தெருவில் ஒலித்த சத்தத்தைக் கேட்டான். மூன்று வாரம் கழித்து அவனையும் தமக்கையையும் சாப்பிட அழைத்தேன். சாப்பாட்டுக்குப்பின் பதினேழாம் தட்டை எடுத்துப் போட்டேன். டிரம்ஸ் வந்தது. என் தமக்கை கையிலிருந்த தட்டத்தை அப்படியே வைத்துவிட்டு, ‘ஐயோ, இது நம்ம ஊர்வலத்துப் பாட்டாச்சே’ என்றாள். மருமகன் என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பிறகு மூவரும் சேர்ந்து, வெந்நீரில் நனைத்த பஞ்சினால் தாளை ஒற்றி ஒற்றி ஊறவைத்தோம். மைதாப் பசை நாற்பதாண்டுக்குப்பின் இளகி, ஒரு புளித்த வாடை அடித்தது. தாள் வந்தது, லேபிளில் பாதியும் அதோடு வந்துவிட்டது. எஞ்சிய பாதியில் படத்தின் பெயர் அரைகுறையாய்த் தெரிந்தது. அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது, ஊதா மையில் குத்திய ஒரு ரப்பர் முத்திரை. பெரியப்பாவின் முத்திரை அன்று. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஆள் அனுப்பி எட்டிப் பார்க்கச் சொன்னாரே, அதே போட்டிக்காரரின் சவுண்டு சர்வீஸ் முத்திரை!

விலைக்கு வாங்கினாரா, கைமாற்றாக வாங்கித் திருப்பாமல் விட்டாரா, வேறு வழியில் வந்ததா? கேட்பதற்கு இருவரும் இல்லை. அந்த ஆள் எட்டிப் பார்க்க வந்ததும் பாட்டைத் தெரிந்துகொள்ளத்தானா, தங்கள் தட்டைத் தேடித்தானா என்பதும் இப்போது எனக்கு ஐயமாகிவிட்டது. “தாத்தாவே சாம்பிள் எடுத்திருக்காரு மாமா” என்று மருமகன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். என் தமக்கை மட்டும், ‘செத்தவங்கள அப்படிப் பேசாதடா’ என்றாள்.

பாட்டைக் கட்டிவிட்டான். கேட்டேன், எனக்கு முழுவதும் பிடித்தது என்று சொல்லமாட்டேன். சொற்கள் விரைவாய்ப் போகின்றன. ஆனால் டிரம்ஸ் இரண்டாம் முறை வரும்போது, கூட்டச் சத்தத்தையும் சேர்த்து வைத்திருக்கிறான். தண்ணீர் கேட்கும் அந்தக் குரல் கேட்கிறது. அடியில் மூலப்பாட்டு, படம், இசையமைப்பாளர் என எல்லாவற்றையும் போடவேண்டும் என்றேன். “டிரம்ஸ் அடிச்சவரு பேரு?” என்றான். இருவரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் விசாரித்தும் கிடைக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறான்.

துணுக்கை எடுத்தாள இசைவு கோரி, உரிமை பெற்ற நிறுவனத்துக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றான். அது என் தொழில். பார்வையில் காண்க, இணைப்பு ஒன்று, இரண்டு என்று முறையாக வரைந்து, தட்டின் வளையத்திலிருந்த எண்ணையும் குறிப்பிட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். அட்டை திரும்பிவந்தது, பதில் இன்னும் வரவில்லை. வரும்வரையில் அந்தப் படத்தின் பெயரை யாருக்கும் சொல்லக்கூடாதென்று மருமகன் கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்த மலரைப் பற்றித் தனியாகவும் எச்சரித்தான். இதைப் படிப்பவர்களில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த குடும்பத்தார் பலர் இருப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.